பதின்மூன்றாவது புள்ளி

கிளிநொச்சியில் எங்கள் மாலை வகுப்புச் சுவரில் கட்டிய வெள்ளைச் சீலையில் பச்சைப் புள்ளிகள் மினுங்குகின்றன. ஒவ்வொரு புள்ளியும் ஒளிரும் பிளாஸ்டிக்கின் ஒரேயொரு மூலக்கூறு. தன் வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியால் பிடித்த படத்தைக் கௌசலா மிஸ் புரொஜெக்டரில் ஓடவிட்டிருக்கிறார். எண்ணுவது எங்கள் வேலை. எல்லோருடைய எண்ணிக்கையும் ஒத்துவந்தால் அது அவருடைய ஆய்வறிக்கையில் சேரும். எல்லோருக்கும் பன்னிரண்டு, எனக்கு மட்டும் பதின்மூன்று. சீலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஓரங்களையும் விடாமல், மூன்று தரம் எண்ணிவிட்டேன். ஆனாலும் ஒன்று இடிக்கிறது. மூலக்கூறு நினைத்தபோது அணையும், நினைத்தபோது எரியும் என்று மிஸ் சொன்னார். வலது மூலையில் இருப்பதோ ஒரே சீராக விட்டுவிட்டு மினுங்குகிறது.

"ஒண்டுக்காக எல்லாத்தையும் குழப்பாதை. பன்னிரண்டெண்டு எழுதன்" என்கிறான் பக்கத்துக் கதிரைச் சிவகரன்.

"இருக்கிறதை இல்லையெண்டு எப்பிடி எழுதிறது?"

"பிள்ளை, உமக்கு எத்தினை?" மிஸ் கேட்கிறார்.

"பதின்மூண்டு, மிஸ்."

வெளியே ஜெனரேட்டர் இருமி நின்றுவிடுகிறது. புரொஜெக்டர் அணைய, சீலை இருள்கிறது. வலது மூலைப் புள்ளி மட்டும் மினுங்குகிறது. பிறகு சீலையை விட்டு எழும்பி, யன்னலால் வெளியே பறக்கிறது.

"உன்ர மூலக்கூறு வீட்ட போகுதடி!" என்று கத்துகிறான் சிவகரன்.

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. இருட்டிலேயே தடவி அழிறப்பரை எடுத்து, கொப்பியில் எழுதிய 13இல் மூன்றை அழிக்கிறேன். பக்கத்திலிருந்த ஒன்றும் சேர்ந்து அழிந்துவிட்டதோ, தெரியவில்லை.