மரகதவடிவை நேரில் கண்டவர்

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

பிறகுதான் உடம்பெல்லாம் எரிந்தது.

திரையில் ஓர் ஆங்கிலக் கட்டுரை. வெளியிடலாமா என்று மதிப்பிட்டுச் சொல்லும்படி ஆய்விதழ் ஒன்று அனுப்பியிருந்தது. எழுதியவர் பெயர் இல்லை. மதிப்பிடுபவர் யாரென்றும் எழுதியவருக்குத் தெரியாது. அது இதழின் விதி.

தூத்துக்குடியில் இறால் உரிக்கும் பெண்களைப் பற்றிய கட்டுரை. நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கிடந்து மரத்துப்போகும் விரல்கள். வீட்டுக்கு வந்தும் பிள்ளைக்குச் சடை பின்ன முடியாத விரல்கள்.

அத்தனையும் அவள் எழுதியது. அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேட்டில், தமிழில்.

மொழிதான் மாறியிருந்தது. மற்றபடி வரிக்கு வரி, பத்திக்குப் பத்தி.

கொல்லன் தெருவிலேயே ஊசி விற்க வந்திருக்கிறார் மனுஷர்!

யாரென்று யோசிக்க வேண்டியதே இல்லை. அவளுடைய வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர். "அருமையான வேலைம்மா" என்று எல்லார் முன்னாலும் பாராட்டிவிட்டு, ஆய்வேட்டின் கோப்பையும் மெயிலில் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டவர். அன்றைக்கு அவளுக்கு என்ன பூரிப்பு! ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

இதழின் ஆசிரியர் தேசிகனுக்குப் போன் போட்டு, இது தன்னுடைய ஆய்வேடு என்றாள்.

"சாஃப்ட்வேர்ல போட்டுப் பாத்துட்டுத்தான் மேடம் அனுப்பினோம். நாலு சதவீதம்தான் ஒத்துப்போகுது. பத்துக்குக் கீழன்னா நாங்க தொடுறதே இல்ல."

"உங்க சாஃப்ட்வேருக்குத் தமிழ் தெரியுமா சார்?"

தேசிகன் இருமினார்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். புகார் என்று வந்தால் எழுதியவரிடம் விளக்கம் கேட்டாக வேண்டும். கேட்டால் அவள் பெயர் வெளியே வந்துவிடும். அடுத்த மாதம் அவளுடைய பல்கலைக்கழகத்தில் நிரந்தர விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. அவளும் விண்ணப்பித்திருப்பாள். தேர்வுக் குழுவில் யார் யார் உட்காரப்போகிறார்கள் என்பதையெல்லாம் தான் சொல்லக் கூடாது.

"நீங்க சொல்ல வேண்டாம் சார். அவரும் இருக்காருன்னு எனக்குத் தெரியும்."

"அதுக்குத்தான் சொல்றேன். கட்டுரை தரமில்லன்னு ஒரு வரி எழுதிடுங்க. நான் திருப்பி அனுப்பிடறேன். உங்களுக்கும் வம்பு இல்ல."

திருப்பி அனுப்பினால் வேறோர் இதழுக்குப் போகும். அங்கேயும் ஒரு சாஃப்ட்வேர் இருக்கும். அதற்கும் தமிழ் தெரியாது.

அவள் கௌரவ விரிவுரையாளர். பெயரில்தான் கௌரவம். ஏப்ரலில் போகச் சொல்வார்கள், ஜூனில் வரச் சொல்வார்கள். அந்த நிரந்தர வேலைக்காக எத்தனை வருடம் காத்திருந்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

"என் பேரப் போட்டே கேளுங்க சார்" என்றாள். "ஒரே ஒரு கேள்வி போதும். மரகதவடிவை அவரு நேர்ல பாத்தாரான்னு கேளுங்க."

கட்டுரையின் உயிரே மரகதவடிவுதான். பக்கத்துக்குப் பக்கம் பேசுகிறவள். கங்காணியைப் பேர் சொல்லித் திட்டுகிறவள்.

அப்படி ஒருத்தி கிடையாது.

"எங்க பேரு வந்துச்சுன்னா மறுநாளே ஷெட்டுக்குள்ள ஏத்த மாட்டாவ டீச்சர்" என்று அந்தப் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அதனால் மூன்று பேரை ஒருத்தியாக்கினாள். ஒருத்தியின் விரல், ஒருத்தியின் குடிகாரப் புருஷன், ஒருத்தியின் வாய்த்துடுக்கு. சேர்த்து ஒரு பெயர் வைத்தாள். ஆய்வில் இது வழக்கம்தான்.

இதை முன்னுரையில் எழுதியும் இருந்தாள். முன்னுரையை யார் படிக்கிறார்கள்? அதிலும் திருடுகிறவருக்கு அதற்கெல்லாம் நேரமேது.

போனை வைத்த பிறகு, பொய் சொல்வானேன், பயந்துதான் போனாள். துறையில் பக்கத்து நாற்காலி ஜெசிந்தா விஷயத்தைக் கேட்டுத் தலையிலடித்துக்கொண்டாள்.

"வாயப் பொத்திக்கிட்டு மொதல்ல வேலைய வாங்குட்டி. சண்டைய அப்புறம் போடலாம்."

"அப்புறம்னா எப்பட்டி? அவரு ரிட்டயர் ஆன பெறவா?"

ஜெசிந்தா புத்தகத்தை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை தேசிகனே கூப்பிட்டார். குரலில் பெரிய நிம்மதி.

"விளக்கம் வந்துடுச்சு மேடம். அந்த அம்மாவ நேர்லதான் பாத்தாராம். அவங்க வீட்டுக்கே போனாராம். கடுங்காப்பி போட்டுக் குடுத்தாங்களாம். அவங்க கண்ணீர இன்னும் மறக்க முடியலன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்காரு."

அடப்பாவி மனுஷா, காப்பி வேறா!

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"கையெழுத்துப் போட்டிருக்காரா சார்?"

"போட்டிருக்காரு. சீல் வச்சு."

"ரொம்ப நல்லது. இண்டர்வியூவுக்கு நான் கண்டிப்பா போவேன் சார். அவரு வரும்போது அந்த அம்மாவையும் கூடவே கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

"எதுக்கு மேடம்?"

"நானும் அவள இதுவரைக்கும் பாத்ததில்ல."