ஒரே வயது

மங்கையர்க்கரசிக்கும் திலகவதிக்கும் ஐம்பத்தெட்டு வயது. இரட்டையர். உடம்பு ஏன் மூப்படைகிறது என்ற ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்க மருத்துவக் கல்லூரிக்கு வந்திருந்தார்கள். வாசலிலேயே நர்ஸ் மங்கையைத் தடுத்தாள்.

“ட்வின்ஸ் மட்டும்தான் உள்ள வரணும். அம்மா, நீங்க வெளிய உக்காருங்க.”

“அந்த ட்வின்ஸே நான்தாம்மா!” காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. பஸ்ஸில் ஒருவர் திலகவதியை மங்கையின் மகளா என்று கேட்டிருந்தார்.

உள்ளே இளம் டாக்டர் மங்கையின் கையில் ஊசியைச் செருகியபடி விளக்கினாள். உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது, அதன்படிதான் செல்கள் தளர்கின்றன என்பது ஒரு கட்சி. வெயிலும் உழைப்பும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைப்பதுதான் முதுமை என்பது இன்னொரு கட்சி. “உங்க ரெண்டு பேருக்கும் ஒரே மரபணு. அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்னுதான் பாக்கறோம்.”

மங்கைக்குப் பொறுமை போய்விட்டது. “இதுக்கு எதுக்கு ரத்தம்? நாப்பது வருசம் நான் உப்பளத்துல நின்னேன். இவ போஸ்டாபீசுல ஃபேனுக்குக் கீழ உக்காந்திருந்தா. பத்தாவதுக்கு மேல ஒருத்தியத்தான் படிக்க வைக்க முடியும்னு எங்க அப்பா சீட்டுக் குலுக்கி எடுத்தாரு. இவ பேரு வந்துச்சு. அவ்வளவுதான், எழுதிக்கிடுங்க.”

“அந்தச் சீட்டை எழுதினது நான்,” என்றாள் திலகவதி. “ரெண்டுலயும் என் பேரைத்தான் எழுதினேன்.”

மங்கை எழப் பார்த்தாள்.

“அசையாதீங்கம்மா, இன்னும் ஒரு குழாய் இருக்கு,” என்றாள் டாக்டர்.

ஊசி இல்லாத கையால் மங்கை திலகவதியின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி இறுகிக்கொண்டே போனது. திலகவதி கையை இழுத்துக்கொள்ளவில்லை.