மகன் அனுப்பிய மணிக்கூடு

"இந்த இடத்தைப் பாருங்கோ நானா. நேற்று இது இல்லை."

நமசிவாயம் மேசை விளக்கின் கீழே கையை நீட்டினார். கொழும்பு வெள்ளவத்தை காலி வீதியில் மணிக்கூடு திருத்தும், வருகிறவர்கள் எல்லாரும் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் பதியுதீன், பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு குனிந்தார். தங்கக் கைமணிக்கூட்டின் விளிம்பில் ஒரு கீறல் இருந்தது. பக்கத்தில் போய்த் தேடினால்தான் தெரியும்.

"தலைமுடிய விட மெல்லிசு ஐயா. இதுக்கா இந்த வெயில்ல வந்தீங்க?"

"ரயில் கதவில பட்டிட்டுது. மினுக்கி விடுங்கோ. எங்கட மனுசி கண்டா மனம் நொந்துபோவா."

இந்த மாதம் இது மூன்றாவது கீறல். பதியுதீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மினுக்கும் துணியை எடுத்தார். விலை கூடிய மணிக்கூடு வைத்திருப்பவர்களை அவருக்கு நன்றாகத் தெரியும். நேரம் பத்து நிமிடம் பிந்தினால் பொறுப்பார்கள், ஒரு கீறல் விழுந்தால் பொறுக்கமாட்டார்கள். தேயிலைத் தோட்டத்துத் துரைமார்கூட அப்படித்தான்.

ஆனால் நமசிவாயம் துரை இல்லை. ரயில்வே கந்தோரில் கிளாக்கராக இருந்து பென்ஷன் எடுத்தவர். ஒரே மகன் லண்டனுக்குப் படிக்கப் போய் ஆறு வருடம். கடைசி இரண்டு வருடம் ஒரு கடிதமும் இல்லை.

அந்த இரண்டு வருடமும் தபால்காரன் வரும் நேரத்துக்கு வாசல் கேற்றடியில் போய் நிற்பார். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனதும் உள்ளே வந்து, சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். மனிதர் காய்ந்து கருவாடாகிப் போனார்.

போன தைப்பொங்கலுக்குத்தான் இந்த மணிக்கூடு வந்தது. கப்பலில் வந்த யாரோ ஒருவரிடம் மகன் கொடுத்தனுப்பினானாம். நமசிவாயம் கோயிலுக்குப் போயிருந்த நேரம், மனைவி இரத்தினம்மாதான் வாங்கி வைத்தாராம். அன்றிலிருந்து மனிதர் ஒழுங்காகச் சோறு தின்கிறார். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு, இவருக்கோ குஞ்சு பொன்னையே அனுப்பிவிட்டது என்று பதியுதீன் நினைத்துக்கொள்வார்.

"இன்னொண்டு நானா. நேற்றிலயிருந்து ஓடாமல் நிக்குது."

"அப்ப பின்மூடியத் தொறக்கோணும்."

"திறக்காமல் செய்ய ஏலாதோ?"

"வயித்தத் தொறக்காம ஒப்பரேசன் செய்ற டொக்டர் எங்கயாச்சும் ஈக்காரா ஐயா?"

நமசிவாயம் மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். "சரி, திறவுங்கோ" என்றார்.

மணிக்கூடு திருத்துபவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. திறந்த மூடியின் உட்புறத்தில் தங்கள் பெயரின் முதல் எழுத்தையும் மாதம், வருடத்தையும் ஊசியால் பொடியாகக் கீறி வைப்பார்கள். இன்னார் கை வைத்தார் என்று அடுத்தவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

மூடியைத் திறந்த பதியுதீன் விளக்கை இன்னும் கிட்ட இழுத்தார். உள்ளே 'ப. 7-34' என்று கீறியிருந்தது.

அது அவருடைய கையெழுத்து. முப்பத்து நாலாம் ஆண்டு ஏழாம் மாதம், அதாவது நாலு வருடத்துக்கு முன்னால், கொட்டாஞ்சேனைக் கடையில் வேலை செய்த காலத்தில், அவரே துப்புரவாக்கிக் கீறி வைத்தது. இந்த மணிக்கூடு அப்போதே கொழும்பில் யாரோ ஒருவர் கையில் இருந்திருக்கிறது. மகன் லண்டனில் வாங்கி அனுப்பிய புது மணிக்கூடு என்பது பொய்.

உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் நாளைக்கே கேற்றடிக்குத் திரும்பிவிடுவார், பிறகு எழும்பவே மாட்டார். பதியுதீன் சக்கரங்களைத் துடைத்து எண்ணெய் விட்டார். பழக்கத்தில் கை ஊசியை எடுத்தது, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு மூடியை அமுக்கினார்.

"உள்ளுக்கு எப்படி நானா?"

"கடல் காத்துக்குக் கொஞ்சம் உப்புப் பிடிச்சீக்கி. மத்தப்படி புத்தம் புதுசு. வேற ஒத்தர்ட கையும் படல்ல. மகன் பாத்துத்தான் வாங்கியீக்கார்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. நமசிவாயம் மணிக்கூட்டைக் காதில் வைத்துக் கேட்டார். வாரைக் கட்டி, சட்டைக் கையை அதன்மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். உடனே எழும்பவில்லை. வீட்டுக்குப் போனால் இரண்டு பேர், ஐந்து அறை. ஒருவர் இருமினால் மற்றவருக்குக் கேட்கும், அதைத் தவிர அங்கே பேச்சு என்று பெரிதாக ஒன்றுமில்லை.

பிறகு மெல்ல எழும்பிக் குடையை எடுத்தார்.

"உங்கட எழுத்து நல்ல வடிவு நானா."

பதியுதீன் மினுக்கும் துணியை மடித்தார்.

"மணிக்கூடு வந்த கிழமையே மூடியை நகத்தால நெம்பித் திறந்து பார்த்தனான், பிறகு உங்கட பில்லில அதே 'ப'வைக் கண்டனான். திறந்த அண்டைக்கே மனுசின்ர கையையும் பார்த்தனான். தங்கக் காப்பு ரெண்டும் இல்லை. தங்கச்சி வீட்டில வைச்சிருக்கிறாவாம்."

படியில் இறங்கி, குடையை விரித்துக்கொண்டு திரும்பினார்.

"அவ வந்து கேட்டாலும் புதுசெண்டே சொல்லுங்கோ. நான் நம்பிட்டன் எண்டு சந்தோசமா இருக்கிறா."