பதினைந்து மணி

இணை இயக்குநர் தணிகாசலம் ராகுகாலத்தில் பேனாவைத் தொடமாட்டார். எமகண்டத்தில் தொடவே மாட்டார். மிச்ச நேரத்தில் பெரும்பாலும் இருக்கையிலேயே இருக்கமாட்டார். அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கும் பொற்செல்வியின் இடமாற்ற ஆணை ஆறு வாரமாக அவர் மேசையில் கிடந்தது. கைக்குழந்தை ஓர் ஊரில், அவள் ஓர் ஊரில். இன்று கையெழுத்தாகாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். இன்றோ செவ்வாய்க்கிழமை, மூன்றிலிருந்து நாலரை வரை ராகுகாலம். நாலு மணிக்கு ஐயா ஒரு பாராட்டு விழாவுக்குக் கிளம்புகிறார். பாராட்டும் அவருக்குத்தான்.

அவர் சாப்பிடப் போன நேரத்தில், தூசி துடைக்கிற சாக்கில் பொற்செல்வி அவருடைய கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பன்னிரண்டு மணிக் கணக்கிலிருந்து இருபத்துநாலு மணிக் கணக்குக்கு மாற்றி வைத்தாள்.

உண்ட மயக்கம் தெளியாமல் அவர் திரும்பி வந்ததும் இடமாற்ற ஆணை இருந்த கோப்பை எடுத்து நீட்டினாள். அவர் வழக்கம்போலத் திரையின் மூலையைப் பார்த்தார். 15:17. புருவம் ஏறியது. சட்டைப்பையிலிருந்த பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினார். பதினைந்து மணி அதில் எங்குமே இல்லை. இவளிடம் கேட்டால் கௌரவம் என்னாவது?

"ராகுகாலமாங்கய்யா?" என்றாள், ஒன்றும் தெரியாதவள்போல.

"எனக்கே பாடமா? பதினஞ்சு மணிக்கு ஏதும்மா ராகுகாலம்?"

பேனா காகிதத்தின் அந்தக் கோடி வரைக்கும் ஓடியது. ஆணையை மார்போடு அணைத்துக்கொண்டு கதவை எட்டியவளை அவர் குரல் நிறுத்தியது.

"வெளியில எல்லார்கிட்டயும் சொல்லிடும்மா. இனிமே எந்த ஃபைலா இருந்தாலும் பதினஞ்சு மணிக்கே வரட்டும். தோஷமே இல்லாத நேரம்!"