எட்டு வருஷ ரசிகை

"நீங்களும் உள்ளே வந்தா என்னங்க?"

"நான் வந்தா காரியம் கெட்டுடும். நீ மட்டும் போ" என்றார் வேன் ஓட்டுகிறவர், தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு.

அவருடைய மனைவி தையல்காரம்மா கதவைச் சாத்தாமல் நின்றாள். இருட்டோடு கிளம்பி, வழியில் வண்டி சூடாகி நின்று, அதற்குத் தண்ணீர் காட்டி, ஒருவழியாக அரங்கத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். எட்டு வருஷம் ஓடி முடிந்த டிவி தொடரின் நடிகர்கள் எல்லோரும் இன்றைக்கு இங்கே ஒன்று கூடுகிறார்கள்.

"கிடைக்கலைன்னா?" என்றாள்.

"இன்னொரு எட்டு வருஷம் தாங்கிக்க வேண்டியதுதான். எனக்குப் பழகிப்போச்சு."

"எனக்குப் பழகலை" என்று சொல்லிவிட்டு அவள் வரிசையில் போய் நின்றாள்.

முன்னால் நின்ற நர்ஸ், டூட்டியிலிருந்து நேரே வந்துவிட்டவள் போல யூனிபாரத்தோடு இருந்தாள். வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, நீங்க யாரோட ரசிகை? பெரிய மருமகளா, மாமியாரா?"

"ரெண்டு பேரும் இல்லை. நான் அந்த வீட்டு ஹாலைத்தான் பார்ப்பேன்."

"ஹாலையா?"

"ஆமா. அவங்க எல்லாரும் வெளியூர் கிளம்பிட்டாங்கன்னா அன்னிக்கு நான் நிம்மதியாத் தூங்குவேன்."

நர்ஸ் எத்தனையோ பேரைப் பார்த்தவள். இது முற்றிய கேஸ் என்று முடிவு கட்டிக்கொண்டு முன்பக்கம் திரும்பிவிட்டாள்.

தையல்காரம்மா தொடரை ஒரு நாள் விடாமல் பார்த்தது நிஜம்தான். அந்த ஹால் திரையில் வந்ததும் கையிலிருக்கும் துணியில் தையல் கோணிக்கொண்டு போகும். இன்றைக்காவது ஒரு மாற்றம் வராதா என்று பார்ப்பாள், வராது.

அந்த வீட்டிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு சாமான் வேண்டும். தொடர் எடுத்த கம்பெனிக்குக் கடிதம் போட்டாள். கதாநாயகி கையெழுத்துப் போட்ட போட்டோ வந்தது. விவரமாக மறுபடியும் எழுதினாள். அதே போட்டோ இன்னும் பெரிய சைஸில் வந்தது. போன் செய்தாள். "உங்க அன்புக்கு ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

தொடர் முடிந்தபோது அப்பாடா என்று மூச்சு விட்டாள். அதுவும் நிலைக்கவில்லை. இரண்டாம் பாகம் வருகிறதாம், அதே வீடு, அதே ஹால் என்று கேள்விப்பட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. விழாவில் நடக்கும் போட்டியில் ஜெயிக்கிறவர் அந்த ஹாலிலிருந்து விருப்பப்பட்ட ஒரு பொருளை எடுத்துக்கொள்ளலாம் என்று விளம்பரம் வந்ததும்தான், புருஷனை வண்டி எடுக்கச் சொன்னாள்.

மேடையில் அந்த ஹாலை அப்படியே திருப்பிக் கட்டியிருந்தார்கள். சோபா, மாடிப்படி, பெரிய கடிகாரம், சுவரில் மாட்டிய படங்கள், எதுவும் பாக்கியில்லை. போட்டியில் ஒவ்வொருவராகக் கழன்றுபோய் கடைசியில் மிஞ்சியது நர்ஸும் தையல்காரம்மாவும்தான்.

"கடைசிக் கேள்வி" என்றார் தொகுப்பாளர். "பெரிய மருமக பெட்டியோட வீட்டை விட்டுப் போனாங்களே, யார்கிட்ட சொல்லிட்டுப் போனாங்க?"

"யார்கிட்டயும் சொல்லலை" என்றாள் நர்ஸ் பட்டென்று.

"சொன்னா" என்றாள் தையல்காரம்மா. "செத்துப்போன மாமனார் படத்துகிட்ட சொன்னா. நீங்க இருந்திருந்தா எனக்கு இந்தக் கதி வருமா மாமான்னு ஒரே அழுகை. விளம்பரம் போட்டுட்டு வந்து பார்த்தாலும் அழுதுட்டேதான் இருந்தா."

பெரிய மருமகளாக நடித்த கதாநாயகியே எழுந்து நின்று கைதட்டினாள். "எனக்கே மறந்துபோச்சும்மா. இப்படி ஒரு ரசிகை கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்."

"என்ன வேணுமோ எடுத்துக்குங்க" என்றார் தொகுப்பாளர். "சோபாவா? மாமியாரோட சாவிக்கொத்தா?"

தையல்காரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, மாமனார் படத்தை ஆணியிலிருந்து கழற்றி, மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அழுதுவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கதாநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. "சரியானதைத்தான் எடுத்திருக்கீங்க. இவர் முகத்தைப் பார்த்தா எனக்குக் கிளிசரினே வேண்டாம், தானா அழுகை வரும். பாவம், யாரு பெத்த பிள்ளையோ."

"செத்தவரா படத்துல இருக்க ஒரு நடிகரும் ஒத்துக்கலை" என்று டைரக்டர் கூட்டத்துக்கு விளக்கினார். "ஒரு போட்டோ ஸ்டுடியோ ஜன்னல்ல இந்தப் படம் இருந்தது. லட்சணமான முகம், கேட்டதும் கொடுத்துட்டாங்க. ரெண்டாம் பாகத்துக்கும் இவரையே வெச்சுக்கலாம்னு இருந்தோம். பரவாயில்லை, வேற ஆளைத் தேடிக்கிறோம்."

அரங்கமே எழுந்து கைதட்டியது. தொகுப்பாளர் மைக்கை நீட்டினார்.

"வீட்டுல எந்த இடத்துலம்மா மாட்டப் போறீங்க?"

"மாட்டறதுக்கு இல்லீங்க" என்றாள் தையல்காரம்மா. "இந்தப் படத்துல இருக்கிற எங்க வீட்டுக்காரர் வெளியில வேன்லதான் உட்கார்ந்திருக்காரு, இன்னும் சாப்பிடக்கூட இல்லை."