மீட்டரில் மூன்று கண்ணி

வேலைக்குப் பரீட்சை எழுத வந்த அவள், தனக்கு வைத்திருந்த முதல் கண்ணியை நாற்காலியில் உட்காரும் முன்பே கண்டுபிடித்துவிட்டாள். மேசையில் கிடந்த மல்டிமீட்டரின் சிவப்பு வயரை, வோல்ட் பார்க்கும் ஓட்டையில் செருகாமல் பத்து ஆம்பியர் ஓட்டையில் செருகி வைத்திருந்தார்கள்.

பழைய கம்பெனிகளில் அவளுக்கு ஆமை என்று பெயர். எதையும் தொடுவதற்கு முன் நாலு தடவை பார்க்கிறாள் என்றே இரண்டு இடங்களில் சீட்டைக் கிழித்திருந்தார்கள். இந்த எலக்ட்ரீஷியன் வேலையும் கைநழுவினால், அக்காவின் துணிக்கடையில் காலமெல்லாம் துணி மடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"கேள்வித்தாள் பிரின்ட் எடுக்கணும், கம்ப்யூட்டர் ஆன் ஆக மாட்டேங்குது" என்றார் சூப்பர்வைசர். "அந்த பிளக் பாயின்ட்ல கரன்ட் வருதான்னு பாரும்மா."

நிஜப் பரீட்சை இதுதான், மனுஷன் நன்றாகவே நடிக்கிறார் என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டாள்.

"வயர் ஆம்பியர் ஓட்டையில இருக்கு சார். இப்படியே பிளக்ல வெச்சா ஷார்ட் ஆகி மீட்டர் கையிலயே வெடிக்கும்."

சூப்பர்வைசர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். "அட, ஆமா. அப்புறம்?"

அப்புறம் என்றால் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். கருப்பு வயரை விரலில் வளைத்துப் பார்த்தாள். உறை வெடித்து உள்ளே செம்பு தெரிந்தது.

"இதைப் பிடிச்சா ஷாக் அடிக்கும் சார்."

அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். மார்க் விழுகிறது என்று அவளுக்குத் தெம்பு வந்தது.

இரண்டு வயரையும் உருவிவிட்டு, மீட்டரின் பின்மூடியைத் திருகத் தொடங்கினாள். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். பழைய முதலாளிகளும் இப்படித்தான் பார்ப்பார்கள். ஆனாலும் அவள் கை நிற்கவில்லை.

மூடி கழன்றது. ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள்.

"இதை வெச்சு நான் எதையும் அளக்க மாட்டேன் சார். வேலை கிடைக்காட்டியும் பரவாயில்ல."

சொல்லிவிட்டு மீட்டரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

சூப்பர்வைசர் அந்தக் கம்பியையே கொஞ்ச நேரம் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு மீட்டரைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

"நாளைக்கே வேலைக்கு வந்துடும்மா."

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சந்தோஷத்தில் வாய் கொஞ்சம் நீண்டும்விட்டது.

"ரொம்ப தேங்க்ஸ் சார். ஆனா மூணு தப்பையும் ஒரே மீட்டர்ல வெச்சது கொஞ்சம் ஓவர். நிஜத்துல யாரு சார் இப்படி வெச்சிருப்பா? பரீட்சைன்னு பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு."

சூப்பர்வைசர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதுலதாம்மா நாங்க தினமும் வேலை பாக்குறோம்."