முந்தி வந்த சத்தம்

சித்திரைத் தேர் அன்று காலை, கம்ப்யூட்டரையே டிவியாக்கி நேரலையைப் போட்டுக்கொண்டு, ஏசி அறையில் சாய்ந்து உட்கார்ந்தார் ஸ்ரீரங்கராஜன்.

"எழுந்து வாங்கோன்னா, பெருமாளைச் சேவிச்சுட்டு வரலாம்" என்றாள் மனைவி மைதிலி, கையில் பழத்தட்டோடு.

"இந்த வெயில்லயா? கூட்டத்துல நசுங்கறதுக்கா? நான் இங்கயே சேவிச்சுக்கறேன், நீ போ."

அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

சற்று நேரத்தில் கோளாறு தெரிந்தது. "ரங்கா! ரங்கா!" என்ற கோஷம் முதலில் கேட்டது. திரையில் வடம் பிடித்தவர்கள் வாயைத் திறந்ததோ ஒரு நிமிஷம் கழித்து! கம்ப்யூட்டர் விற்ற அன்வரை ஃபோனில் பிடித்தார்.

"படம் லேட்டா வரது அன்வர். சத்தம் முந்திக்கறது."

"வைஃபையை விட்டுட்டு ஒயரைச் சொருகுங்க சார்."

சொருகினார். அரை நிமிஷமாகக் குறைந்தது.

"திரையில கீழே 'லைவ்'னு இருக்கும், அதை அழுத்துங்க."

அழுத்தினார். பத்தே வினாடி!

"இப்ப ஸ்பீக்கரை ஆஃப் பண்ணிப் பாருங்க."

பண்ணினார். "அன்வர், இப்பத்தான்ப்பா இன்னும் பலமா கேக்கறது!"

அப்போது திரையில் தேர் ஒரு பச்சை கேட்டின் எதிரே வந்தது. அவர் வீட்டு கேட். அங்கே மைதிலி நின்றுகொண்டு, உள்ளே பார்த்து இரண்டு கையையும் ஆட்டி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

காலில் சுற்றிய ஒயரை உதறிவிட்டு வாசலுக்கு ஓடினார். எள் போட்டால் விழாத கூட்டம். அதற்கு அப்பால் தேரின் முதுகுதான் தெரிந்தது.

கையிலிருந்த ஃபோனில் அன்வர் ஆவலாகக் கேட்டான்: "சார், இப்ப எவ்வளவு லேட்டு?"

"ஒரு வருஷம்ப்பா" என்றார்.